குழந்தைகளின் மூக்கடைப்பும் நெஞ்சுச் சளியும்

குழந்தைச் செல்வம் இறைவன் மனமுவந்து அளிக்கும் வரம் என்பது சைவ மக்களின் நம்பிக்கை. பிள்ளை வரம் வேண்டி நேர்த்தி வைப்பதும், பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பின் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டு வந்து சந்நிதியில் கிடத்தி எடுப்பதும் கிராமங்களில் இன்றும் தவறாத வழக்கமாகும். அவ்வாறு வந்த குழந்தை முதன்முதலாக நோய்வாய்ப்படுவது பெரும்பாலும் தடிமனாலேயே ஆகும். மூக்கடைத்து, நெஞ்சு கறகறவென்று இரைந்து, பால் குடிக்க முடியாமல் இரவிரவாக அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செய்வதறியாது இருக்கும் இளந்தாய்க்கு அம்மம்மா ஒன்று சொல்வார், அயல்வீட்டார் இன்னொன்று சொல்வர், பாமசியில் மூன்றாவதாக ஒரு போத்தல் கிடைக்கும். இவற்றுள் எது உதவும், எது உதவாது, எது உயிருக்கே தீங்காகும் என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்து வைத்திருத்தல் அவசியமாகும்.

தடிமன் என்பது வைரசுக் கிருமிகளால் வருவது. தடிமனை உண்டாக்கும் வைரசுகள் இருநூறுக்கு மேற்பட்டவை. மார்கழிப் பனியில் வெளியே கொண்டு போனதாலேயே சளி பிடித்தது என்று பழி முழுவதையும் பனியின் மேல் போடுவது வழக்கம். பனிக்காலத்திலும் வாடைக் காற்றின் காலத்திலும் தடிமன் கூடுவது உண்மைதான். ஆனால் கிருமி வருவது மனிதரிடமிருந்தே ஆகும். கதவு யன்னல்களைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஓரறையில் இருக்கும்போது ஒருவரின் தடிமன் மற்றவருக்குத் தொற்றுகிறது. துடக்குக் கழிவுக்கு வரும் உறவினர் பத்துப் பேரும் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவதில் பனியை விட அதிக ஆபத்து உண்டு. தடிமன் உள்ளவர், அவர் பெற்ற பேரனாயினும் பேத்தியாயினும், குழந்தையின் முகத்தில் முத்தமிடாது தள்ளி நின்று பார்ப்பதே குழந்தைக்குச் செய்யும் நன்மை. மற்றையோரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவிய பின்னரே தூக்க வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றில் ஆறு முதல் எட்டுத் தடவை வரை தடிமன் வருவது இயல்பு. “என்ர பிள்ளைக்கு மாதம் தவறாமல் சளி” என்று கவலைப்படும் தாய்மாருக்கு இத் தகவல் ஓரளவு ஆறுதல் தரக்கூடும். ஒவ்வொரு தடவையும் ஏழு முதல் பத்து நாட்களில் தானாகவே குணமாகிவிடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று கிழமை நீடிப்பதுண்டு. சளி முதலில் தண்ணீராக ஓடி, பின்னர் தடித்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். பச்சை நிறம் கண்டவுடன் அன்ரிபயோட்டிக் வேண்டும் என்று டொக்டரை வற்புறுத்துவோர் பலர். அன்ரிபயோட்டிக் பற்றீரியாக் கிருமியைக் கொல்லுமேயன்றி வைரசைக் கொல்லாது. நிறம் மாறுவது தடிமன் முற்றிப் பழுக்கும் இயல்பான முறையே.

பெரியவருக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுவார். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கு அது எளிதில் கைவராது. அது பெரும்பாலும் மூக்காலேயே சுவாசிப்பது. பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டு விடுகின்றது. ஆகவேதான் மூக்கடைத்த குழந்தை முலையைப் பற்றுவதும் விடுவதும் அழுவதுமாக இருக்கும். இதைப் பால் போதவில்லை என்று எண்ணிப் பால்மா கொடுக்கத் தொடங்கும் தாய்மாரும் உளர். பாலில் குறைவில்லை, மூக்கிலேயே அடைப்பு உள்ளது.

குழந்தையின் சுவாசக் குழாய்கள் மிக ஒடுக்கமானவை என்பதையும் மனதிற் கொள்ள வேண்டும். பப்பாசி இலைக் காம்பினால் ஊதுவதற்கும் மெல்லிய சோடாக் குழலினால் ஊதுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவர்கள் கூட அறிவர். குழாயின் விட்டம் பாதியானால் அதனூடாகக் காற்றுச் செல்வதற்குள்ள தடை இரு மடங்கன்று, ஏறத்தாழப் பதினாறு மடங்காகின்றது. பெரியவர் ஒருவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியாத சிறு வீக்கமும் சிறு சளியும் கைக்குழந்தையை இவ்வளவு பாடுபடுத்துவதற்குக் காரணம் இதுவே. அத்துடன் குழந்தைக்குச் சளியைச் சிந்தவோ துப்பவோ தெரியாது. தொண்டையில் தேங்கும் சளியே முதுகில் கை வைக்கும்போது கறகறவென்று உணரப்படுகின்றது. அந்தச் சத்தம் கேட்பதாலேயே நெஞ்சு முழுவதும் சளி கட்டிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. குழந்தை சளியை விழுங்கி, வாந்தியோடும் மலத்தோடும் வெளியேற்றிவிடும்.

வீட்டிற் செய்யக்கூடியவை

மூக்கடைப்புக்கு இன்று உலகெங்கும் வைத்தியர்கள் முதலாவதாகச் சொல்வது உப்புநீர்த் துளியே. பாமசிகளில் குழந்தைகளுக்கென விற்கப்படும் சேலைன் மூக்குத்துளி கிருமியற்றது, அளவானது, விலையும் பெரிதன்று. அது கிடையாத வேளையில், நன்கு கொதிக்க வைத்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஒரு சிறு தேக்கரண்டி (5 மில்லி லீற்றர் கொள்ளும் மருந்துக் கரண்டி) உப்பைக் கரைத்து, சுத்தமான மூடியுள்ள போத்தலில் வைத்துக்கொள்ளலாம். குவித்து அள்ளக் கூடாது. உப்புக் கூடினால் மூக்கு எரியும். மறுநாள் அதை ஊற்றிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்தவே கூடாது.

குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாயவிட்டு, ஒவ்வொரு நாசியிலும் இரண்டு மூன்று துளி விட வேண்டும். குழந்தை தும்மும், அழும். அதனால் தீங்கில்லை. ஓரிரு நிமிடத்தில் இறுகிய சளி இளகும். பின்னர் மென்மையான பருத்தித் துணியின் நுனியைத் திரியாகத் திரித்து நாசியின் வாயிலில் மட்டும் வைத்து எடுத்தால் சளி அதில் ஒட்டிக்கொண்டு வரும். றப்பர்க் குமிழ் உள்ளவர்கள் முதலில் குமிழை வெளியே அமுக்கி, பின் நுனியை நாசி வாயிலில் வைத்து, மெதுவாக விட வேண்டும். நாசியில் வைத்த பின் அமுக்கினால் சளி உள்ளேயே போகும். நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உட்தோல் புண்ணாகி வீங்கி அடைப்பு இன்னும் கூடும். பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னரும் நித்திரைக்கு முன்னரும் இதைச் செய்வதே பயன் தருவது. காது குடையும் பஞ்சுக் குச்சியை மூக்கினுள் விடுவதும், தோய வார்க்கும்போது வாய் வைத்து ஊதிச் சளி எடுப்பதும் வேண்டாத வேலைகள். ஊதுபவரின் வாயிலுள்ள கிருமி குழந்தையின் மூக்கினுள் போவதைத் தவிர அதனால் வேறெதுவும் நடப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூக்கடைப்பு நீக்கும் மருந்துத் துளிகள் என்று வேறொரு வகையும் அதே போன்ற சிறு போத்தல்களில் விற்கப்படுகின்றது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. பெரியவருக்கென வாங்கியதைக் குழந்தைக்கு விட்டால் மயக்கமும் இதயத் துடிப்பில் மாற்றமும் ஏற்படலாம். போத்தலைக் கையில் எடுத்தால் அது வெறும் உப்புநீர்தானா என்பதைப் படித்துப் பார்த்த பின்னரே விட வேண்டும். படிக்கத் தெரியாத முதியவர்கள் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடமாவது காட்டிக் கேட்பது நல்லது.

அடுத்து உணவு. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை, கொதித்தாறிய நீரும் வேண்டியதில்லை. வழக்கத்தை விடக் குறைவாக, ஆனால் அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் சளி இறுகும். ஆறு மாதம் கடந்தவர்களுக்கு இளஞ்சூடான தண்ணீர், கஞ்சி, பருப்புத் தண்ணீர், ரசம் என்பன நல்லவை. சளி என்றவுடன் வாழைப்பழம், பால், தயிர் யாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை மெலிய விடுவது பல வீடுகளில் நடக்கின்றது. பால் சளியைப் பெருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிள்ளை விரும்பிக் குடித்தால் கொடுக்கலாம். கிழமைக் கணக்கில் தோய வார்க்காமல் வைத்திருப்பதும் அவசியமில்லை. காய்ச்சலும் மூச்சுச் சிரமமும் இல்லையெனில் இளஞ்சூட்டு நீரில் விரைவாகத் தோய வார்த்துத் துவட்டி விடலாம்.

விழித்திருக்கும்போது குழந்தையைத் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தால் மூச்சு இலகுவாகும். ஆனால் நித்திரையில் மல்லாக்கவே கிடத்த வேண்டும். தலையணையை உயர்த்தி அடுக்குவது கைக்குழந்தைக்கு ஆபத்தானது. தலை முன்னே மடங்கி மூச்சுக் குழாய் நெரிபடும்.

காய்ச்சலால் குழந்தை அந்தரப்பட்டால் பரசிற்றமோல் பாணி கொடுக்கலாம். நிறை ஒரு கிலோவுக்கு 15 மில்லி கிராம் என்பது ஒரு வேளை அளவு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளில் நான்கு தடவைக்கு மேற்படக் கூடாது. வயதைப் பார்த்து உத்தேசமாக ஊற்றாமல், கிளினிக் புத்தகத்தில் கடைசியாக எழுதப்பட்ட நிறையைக் கொண்டு கணக்கிட வேண்டும். பரசிற்றமோல் சளியைக் கரைப்பதில்லை. காய்ச்சல் இல்லாத வெறும் சளிக்கு அதைக் கொடுப்பதில் பயனில்லை. அஸ்பிரின் குழந்தைகளுக்கு எக்காரணங் கொண்டும் கூடாது. டெங்கு பரவும் நாடாகையால் இபுபுறூபன் போன்றவற்றையும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் (100.4 பாகை பரனைற்) காய்ச்சல் இருந்தால் வீட்டில் வைத்து மருந்து கொடுத்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டு செல்ல வேண்டும்.

கற்பூரம்

கோயில் மலரில் எழுதப்படும் கட்டுரையில் கற்பூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. சூடம் கொளுத்தித் தீபாராதனை காட்டியதும் மீதிக் கற்பூரத் துண்டுகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போகும் வழக்கம் உண்டு. அத்துண்டை நல்லெண்ணெயில் அல்லது தேங்காயெண்ணெயில் இட்டுச் சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் உச்சியிலும் பூசுவர். சிலர் சிறு துணியில் கட்டிக் குழந்தையின் சட்டையில் குத்திவிடுவர் அல்லது தொட்டிலில் தொங்க விடுவர். மணம் மூக்கில் ஏறும்போது அடைப்பு நீங்கியது போலத் தோன்றும் என்பது உண்மை. ஆயினும் மூக்கின் வீக்கமோ சளியோ அதனாற் குறைவதில்லை. குளிர்ச்சியான ஓர் உணர்வு உண்டாகின்றது, அவ்வளவே.

கற்பூரம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. அது வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் சுவாசத்தின் வழியாகவும் உடம்பினுட் செல்லக் கூடியது. சிறு குழந்தையின் தோல் மெல்லியது, உடம்பின் நிறையோ சொற்பம். கற்பூரக் கட்டியை வாயிற் போட்டு விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்துவிடும். ஒரு கிராம் அளவு கற்பூரம் கூடச் சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததுண்டு. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் கற்பூர எண்ணெய் விற்பனை தடை செய்யப்பட்டது, வேறு பூச்சு மருந்துகளிலும் கற்பூரத்தின் அளவு நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேற்படக் கூடாது என வரையறுக்கப்பட்டது. தொட்டிலில் தொங்கும் முடிச்சு அவிழ்ந்து விழுந்தால் குழந்தையின் கை முதலில் அதை வாய்க்கே கொண்டு போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்று கடைகளில் விற்கும் கற்பூரத்திற் பெரும்பகுதி கற்பூர மரத்திலிருந்து எடுக்கப்பட்டதும் அன்று. பைன் மரத் தைலத்திலிருந்து தொழிற்சாலையில் செய்யப்பட்டது.

மெந்தோலும் கற்பூரமும் சேர்ந்த களிம்பு வகைகளுக்கும் இது பொருந்தும். விக்ஸ் புட்டியிலேயே இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பூச வேண்டாம் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. எழுத்துச் சிறியதாகையால் பலர் படிப்பதில்லை. மூக்கின் கீழே இக்களிம்பு பூசப்பட்ட பதினெட்டு மாதக் குழந்தையொன்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரப்பட்டதையடுத்து அமெரிக்க வைத்தியர்கள் ஆராய்ந்து, அது சுவாசக் குழாயிற் சளியைக் கூட்டக் கூடியது என 2009ஆம் ஆண்டில் அறிவித்தனர். பெரிய பிள்ளைக்குப் பூசினாலும் நெஞ்சில் மட்டுமே பூச வேண்டும். மூக்கினுள்ளும் மூக்கின் கீழும் ஒருபோதும் பூசலாகாது. கற்பூரம் சுவாமிக்குரியது. மீந்ததை வீட்டுக்குக் கொண்டு போனாலும் சுவாமித்தட்டில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மூடி வைக்க வேண்டும்.

மூக்கினுள் நல்லெண்ணெய், நெய், விளக்கெண்ணெய் என்பவற்றை விடுவதும் இவ்வாறானதே. எண்ணெய் தொண்டையால் இறங்கும்போது இருமலைத் தூண்டாமலேயே நுரையீரலுக்குள் வழிந்துவிடும். அங்கிருந்து அது கரைந்து போவதில்லை. கிழமைக் கணக்கில் மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு வகை நியூமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியாவில் இவ்வழக்கத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி வைத்தியர்கள் எழுதியிருக்கின்றார்கள்.

ஆவி பிடிப்பது பெரியவருக்கு இதம் தரலாம். சட்டி நிறையக் கொதிநீரை வைத்துக்கொண்டு குழந்தையைப் போர்வையால் மூடுவது எத்தகைய ஆபத்து என்பது, வெந்த கால்களோடு ஆஸ்பத்திரி வாட்டிற் கிடக்கும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்குத் தெரியும். சளி குறைவதற்கும் அது பெரிதாக உதவுவதாகக் காணப்படவில்லை.

புகையும் அப்படியே. தோய வார்த்த பின் குழந்தையின் தலை காயச் சாம்பிராணிப் புகை பிடிப்பது காலங்காலமாக வந்த வழக்கம். மூக்கடைத்த பிள்ளைக்குப் புகை எரிகின்ற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றது. நல்ல துவாயால் துவட்டினால் தலை காய்ந்துவிடும். ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் புகைக்குச் சமமென 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. குழந்தை படுக்கும் அறையில் நுளம்பு வலையே சிறந்தது. விறகடுப்பு எரியும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பதும், வீட்டுக்குள் பீடி, சுருட்டுப் புகைப்பதும் இதனுள் அடங்கும். கோயிலிலும் திருவிழாக் கூட்டத்தில், உள்வீதியில் சாம்பிராணியும் கற்பூரமும் புகைந்து நிறைந்திருக்கும் பூசை வேளையில், சளி பிடித்த கைக்குழந்தையை முன்னே கொண்டு வந்து நிறுத்த வேண்டியதில்லை. வெளி மண்டபத்திலோ வேப்பமர நிழலிலோ நின்று கும்பிட்டாலும் அம்பாள் ஏற்றுக்கொள்வாள்.

கை மருந்துகளும் பாணி மருந்துகளும்

பரம்பரைக் கை மருந்துகள் யாவும் தவறானவை என்று தள்ளிவிட முடியாது. தேன் அவற்றுள் ஒன்று. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இரவில் நித்திரைக்கு முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுத்தால் இருமல் தணிகின்றது என்பதை ஆங்கில வைத்தியமும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக் கூடிய ஒரு வகைப் பற்றீரியாவின் வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் சோரச் செய்து, மூச்சையே நிறுத்திவிடக் கூடியது. காய்ச்சினாலும் அவ்வித்து இலகுவில் அழியாது. உரை மருந்தைத் தேனிற் குழைத்து நாக்கில் தடவும் வழக்கத்தைக் கைவிட வேண்டியதற்கு இதுவே காரணம்.

கற்பூரவள்ளி, துளசி, ஆடாதோடை, மல்லி என்பவற்றைப் பெரிய பிள்ளைகளுக்குக் கசாயமாகக் கொடுப்பது வேறு, கைக்குழந்தைக்கு இலையைப் பிழிந்து வாயில் விடுவது வேறு. மூலிகையில் நம்பிக்கையுள்ளோர் கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் படித்த சித்த வைத்தியர்களிடம் வயதையும் நிறையையும் சொல்லிக் கேட்டறிந்து கொடுப்பதே முறை.

பாமசியில் கேட்டு வாங்கும் இருமல், தடிமன் பாணிகளின் கதை இன்னும் கவலைக்குரியது. இவை தடிமனின் நாட்களை ஒன்று கூடக் குறைப்பதில்லை. சில, பிள்ளையை நித்திரையாக்குவதனால் நோய் தணிந்தது போலக் காட்டும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என அமெரிக்கா 2008இல் அறிவித்தது. ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் கூடாது எனப் பிரித்தானியா 2009இல் அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் காம்பியாவில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பாணி மருந்து குடித்துச் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். அதே ஆண்டில் இந்தோனேசியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2025இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் மீண்டும் பல பிள்ளைகள் பலியாகினர். அவர்கள் குடித்தது தமிழ்நாட்டிற் செய்யப்பட்ட இருமல் பாணி. மருந்தில் கலந்திருந்த டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுத் திரவமே காரணமெனக் கண்டறியப்பட்டது. சாதாரண தடிமனுக்காகக் கொடுத்த மருந்து அது. போன மாதம் மூத்த பிள்ளைக்குத் தந்த மருந்தின் மிச்சத்தை இளையதுக்கு ஊற்றுவதும், அயல்வீட்டுப் பிள்ளையின் முட்டு மருந்தைக் கடன் வாங்குவதும் இத்தகைய விஷப் பரீட்சைகளே.

சளியே இல்லாமல் திடீரெனத் தோன்றும் இருமலைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருவிழாக் காலத்தில் கோயில் வீதியில் கச்சான் கடைகள் நிறைந்திருக்கும். மூன்று வயதுப் பிள்ளை கச்சானை வாயிற் போட்டுக்கொண்டு ஓடிச் சிரிக்கும்போது அது மூச்சுக் குழாயினுள் போய்விடும். ஒரு நொடி விக்கி, இருமி, பின் சாதாரணமாகி விடும். சில நாட்களின் பின் இழுப்பும் காய்ச்சலும் தொடங்கும், எல்லோரும் நெஞ்சுச் சளி என்பர். அவ்வாறு விக்கியது நினைவிருந்தால் அதை வைத்தியரிடம் தவறாமற் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முழுக் கச்சான் கொடாதிருப்பதே மேல். அதேபோல ஒரு நாசியால் மட்டும் நாற்றமுள்ள சளி வடிந்தால் அது தடிமன் அன்று. மணியோ குன்றிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே இருக்கும். வீட்டில் தோண்டாமல் ஆஸ்பத்திரியில் எடுப்பிக்க வேண்டும்.

மூச்சை எண்ணிப் பார்த்தல்

தடிமன் எப்போது தடிமனாகவே நின்றுவிடுகின்றது, எப்போது நியூமோனியாவாக மாறுகின்றது என்பதே பெற்றோர் அறிய வேண்டிய முக்கிய விடயம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏழு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் வரை நியூமோனியாவால் இறந்தனர். அதைக் கண்டுபிடிக்க அந்நிறுவனம் கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குக் கற்பிக்கும் முறை மிக எளிமையானது. கருவி எதுவும் வேண்டியதில்லை, நொடிமுள் உள்ள ஒரு மணிக்கூடு போதும்.

குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி வயிற்றையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். வயிறு ஒரு தடவை எழுந்து தாழ்வது ஒரு மூச்சு. முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குப் பிழைக்கும், ஏனெனில் கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இரண்டாம் தடவை எண்ணியும் அவ்வாறே இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். இந்த மூன்று எண்களையும் ஒரு கடதாசியில் எழுதி மணிக்கூட்டின் கீழே ஒட்டி வைத்தால் நள்ளிரவில் தேட வேண்டியிராது.

எண்ணிக்கை எதுவாயினும், மூச்சு உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளின் கீழே நெஞ்சு உட்குழிந்து போனால், மூக்குச் சோணைகள் விரிந்து விரிந்து மூடினால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ இயலாது போனால், குடித்ததெல்லாம் வாந்தியானால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தால் காலை விடியும் வரை காத்திருக்கலாகாது. உதடு நீலம் பாரித்திருப்பது கருநிறக் குழந்தைகளில் இலகுவில் தெரியாது. நாக்கையும் முரசையும் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு வரும் ஒரு வகைச் சிறுமூச்சுக் குழாய் அழற்சியில் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையே நோய் கடுமையாகும். ஆகவே முதல் நாள் காட்டியபோது டொக்டர் ஒன்றுமில்லை என்றார் என்று நாலாம் நாள் வாளாவிருந்துவிடக் கூடாது. மாதம் நிறையாமற் பிறந்தவை, இதயத்தில் ஓட்டையுள்ளவை, மூன்று மாதம் நிறையாதவை ஆகிய குழந்தைகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் சொல்லாமல் விட முடியாத ஒன்றுண்டு. நெஞ்சு உட்குழிந்து மூச்சு வாங்கும் குழந்தையை முதலில் பார்வை பார்ப்பவரிடம் கொண்டு போவதும், நூல் கட்டுவிப்பதும், தண்ணீர் ஓதுவிப்பதும், கோயில் திறக்கும் வரை காத்திருந்து திருநீறு வாங்குவதும் இன்றும் நடக்கின்றன. நூலும் திருநீறும் தீங்கானவை அல்ல, பெற்றோருக்கு அவை மனத்தைரியம் தருவன. ஆயினும் நுரையீரலுக்கு வேண்டியது ஒட்சிசன், அது ஆஸ்பத்திரியிலேயே உண்டு. காத்திருக்கும் அந்த மூன்று நான்கு மணித்தியாலத்திலேயே பிள்ளை கை கடந்து போய்விடும். வீட்டுச் சுவாமியறையில் திருநீறெடுத்து நெற்றியிலிட ஒரு கணம் போதும், வாயிலும் மூக்கிலும் படாமல் இட்டுக்கொண்டு புறப்பட்டு விடலாம். அவசர நோயாளரைக் கொண்டு வந்த குடும்பத்தைப் பூசை முடியும் வரை நிற்கச் சொல்லாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பது கோயிலில் உள்ளவர்களின் கடமையுமாகும்.

வாகனம் இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். கிராமத்தின் பெயரோடு கோயிலின் பெயரையும் சந்தியையும் சொன்னால் சாரதிக்கு இடம் பிடிக்க இலகுவாயிருக்கும். ஒருவர் வீதிக்கு வந்து விளக்குடன் நிற்க வேண்டும். வரும் வரை குழந்தையைப் படுக்க வைக்காமல் தாயின் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். மூச்சு வாங்கும் வேளையில் பாலோ கசாயமோ பலவந்தமாகப் பருக்கலாகாது, புரையேறிவிடும். கிளினிக் புத்தகத்தை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். நிறையும், போட்ட தடுப்பூசிகளும் அதிலேயே உண்டு. வீட்டில் கொடுத்த மருந்து எதுவாயினும், பூசியது எதுவாயினும், ஏச்சு விழும் என்று மறைக்காமல் போத்தலோடு கொண்டு போய்க் காட்ட வேண்டும். வலிப்போடு வந்த பிள்ளைக்குக் கற்பூர எண்ணெய் பூசப்பட்டிருந்தது என்ற ஒரு சொல், டொக்டருக்குப் பல மணித்தியாலத் தேடலை மிச்சப்படுத்தும்.